குமிழின் வால்

மார்ச் 4

அன்புள்ள ஓவியருக்கு,

நம் படக்கதை நாயகன் இரும்புத்தோளின் மேலங்கியை இதுவரை இடது தோளில் பிடித்துக்கொண்டிருந்த கொக்கி, வரும் இதழ் முதல் வலது தோளுக்கு மாற்றப்படுகிறது. நேற்று ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முற்பகல் முழுவதும் விவாதித்து ஏகமனதாக எடுத்த முடிவு இது. விற்பனை மேலாளர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். நாம் தம்பி என்று கூப்பிடும் அந்த இளம் ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இது ஒரு புது சகாப்தம் சார்" என்றான். அரைக்கால் சட்டை போட்ட வயதில் நம் இதழைப் படித்தவன். அவனை மன்னித்துவிடலாம்.

ஆகவே இனிமேல் வலது தோள். மறந்துவிடாதே. நம் வாசகர்கள் உலகம் அழிவதைப் பொறுத்துக்கொள்வார்கள், கொக்கி இடம் மாறியதைக் காரணம் சொல்லாமல் விட்டால் பொறுக்கமாட்டார்கள். காரணத்தை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

224-ஆம் இதழின் கதைச் சுருக்கம் இத்துடன் இருக்கிறது. வழக்கம்போல நீ வரைந்து, வசனக் குமிழ்களை வெறுமையாக விட்டு அனுப்பு. வசனத்தை நான் நிரப்பிக்கொள்கிறேன். போனில் வேலையை மட்டும் பேசலாம் என்று தொடங்கி வேலையைத் தவிர மற்றதெல்லாம் பேசிவிடுகிறோம் என்று நீதான் கடிதத்துக்கு மாற்றினாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடிதத்தில் உன் இருமல் நின்றதா இல்லையா என்று தெரியமாட்டேன் என்கிறது.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் அக்காவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கதாசிரியன்

&nbsp;

மார்ச் 11

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இருமல் நின்றுவிட்டது. குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும். மேல் அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது.

பக்கங்கள் அனுப்பியிருக்கிறேன். கொக்கி வலது தோளில். பதினான்காம் பக்கத்தில் "நாயகர்கள் எழுவரும் குறுகலான சுரங்கப் பாதையில் தோளோடு தோள் நிற்கிறார்கள், பின்னால் வெள்ளம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எழுத ஒரு வரி, வரைய ஒரு முழு நாள். போதாததற்கு இரட்டையன் அந்த நேரம் பார்த்து இரண்டாகப் பிரிகிறான். எழுவர் எட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். கடைசி ஆளின் முழங்கை கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, கேட்க ஆளில்லை.

இன்னொன்று. அக்கா வீட்டு மாடி அறையில் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுவரில் சின்னவள் மின்மினி 210-ஆம் இதழில் கடைசியாகப் பேசியிருக்கிறாள். அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. நிற்கிறாள், ஓடுகிறாள், கையில் வெளிச்சம் பிடிக்கிறாள். வாயைத் திறக்கவில்லை. நான் ஒவ்வொரு இதழிலும் அவள் பக்கத்தில் குமிழ் வரைந்துதான் அனுப்பினேன். அச்சில் எங்கே போயின?

அக்கா என் தோள் மேலாக எட்டிப் பார்த்து, "ஏன்டி, இந்தப் பொண்ணுக்கு ஷூ லேஸக் கட்டியே விடமாட்டியா? விழுந்து வெக்கப் போறா" என்கிறாள். நம் மகளுக்கு முன்பல் விழுந்த வருடம், லேஸ் அவிழ்ந்தபடியே வீடு முழுக்க ஓடியவளைப் பார்த்துத்தானே ஆறு பேரை ஏழாக்கினோம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியாதா என்ன. தெரியாத மாதிரி பேசினால் நான் அழமாட்டேன் என்று நினைக்கிறாள்.

குமிழ் பற்றி எழுதுங்கள்.

ஓவியர்

&nbsp;

மார்ச் 15

அன்புள்ள ஓவியருக்கு,

வாஷர் கிடைத்தது. குழாய் இப்போது இன்னும் உற்சாகமாக ஒழுகுகிறது.

மின்மினி விஷயம் என் மறதிதான். கதாசிரியனின் கஷ்டத்தையும் கொஞ்சம் கேள். ஒற்றை நாயகன் கதையில் அவன் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருத்தப்படலாம். ஏழு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் துக்கப்பட ஒரு கட்டம்தான் கிடைக்கும். அதற்குள் அடுத்தவர் "எச்சரிக்கை!" என்று கத்திவிடுவார். இருபத்திரண்டு பக்கத்தில் எல்லோரும் ஒரு முறையாவது வர வேண்டும், அவரவர் சக்தியைக் காட்ட வேண்டும், காட்டும்போது அதன் பெயரைச் சொல்ல வேண்டும். வில்லனோ ஏழு அடியையும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளும் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். இப்படி ஒரு ஆள் நிஜத்தில் கிடைத்தால் அரசாங்கமே வேலை கொடுத்துவிடும்.

இரும்புத்தோள் மலையைத் தூக்குகிறவன். அவன் வந்தால் இரண்டாம் பக்கத்தில் சண்டை முடிந்துவிடும். அதனால் மாதாமாதம் அவனை எங்காவது அனுப்பியாக வேண்டும். எத்தனை அணைதான் உடையும்? எத்தனை முறைதான் அவன் நினைவிழப்பான்? 150-ஆம் இதழில் பிரபஞ்சத்தையே காப்பாற்றிவிட்டார்கள். அதன் பிறகு வங்கிக் கொள்ளைக்காரனைப் பிடிக்க அனுப்பினால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கிறது. எதுவும் மாறவும் கூடாது. நிழலிக்கும் அலையனுக்கும் கல்யாணம் செய்துவைத்தோம். வாசகர்கள் முகம் சுளித்தார்கள், அது கனவு என்று சொல்லிவிட்டோம். பாவம், இரண்டு பேரும் இன்னமும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தெரியாதது போல வேலை பார்க்கிறார்கள்.

இதற்கு நடுவே, இருட்டில் வெளிச்சம் காட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஏழு வயதுப் பெண் என்ன பேசுவாள் சொல்? விட்டுப்போயிற்று. ஆசிரியர் கவனிக்கவில்லை. மாதம் தவறாமல் தப்புக் கண்டுபிடித்து எழுதும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்கூடக் கவனிக்கவில்லை.

ஒரு செய்தி. விற்பனை இறங்கியிருக்கிறது. தம்பி நேற்று அறைக்கு வந்து உட்காராமல் நின்றான்.

"சார், 225ல ஒரு சாவு வேணும் சார்."

"யாரோடது?"

"யாரா இருந்தாலும் சரி சார். அட்டையில கறுப்பு பார்டர் போட்டுடலாம். ஒரு வருஷம் கழிச்சு திரும்ப கொண்டுவந்துடலாம். ரெண்டு தடவை விக்கும்."

யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

உன் கதாசிரியன்

&nbsp;

மார்ச் 19

எழுத்தாளருக்கு,

நான் வரைந்து அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து வைப்பேன், உங்களுக்குத் தெரியும். அவற்றைத் தரையில் பரப்பி அச்சில் வந்த இதழ்களோடு ஒத்துப் பார்த்தேன். அக்கா கதவருகே நின்று, "என்னடி, சீட்டு ஆடறியா?" என்றாள்.

குமிழ்கள் எங்கும் போகவில்லை. எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. யார் பேசுவது என்று காட்டும் குமிழின் வாலை நான் வரைந்தது மின்மினியின் வாயை நோக்கி. அச்சில் வால் அடுத்த ஆளை நோக்கித் திரும்பியிருக்கிறது. 212-இல் அவள் குமிழை நிழலி பேசுகிறாள். 217-இல் எழுவரில் இன்னொரு ஆளான பேரொலி. 219-இல் அவள் பக்கத்தில் யாருமே இல்லை, அதனால் ஒரு கிளியை உட்கார வைத்து அதைப் பேச வைத்திருக்கிறீர்கள். அந்தக் கிளியை நான் வரையவில்லை.

மறந்துபோகிறவர் வாலைத் திருப்பமாட்டார். வெள்ளை மை எடுக்க வேண்டும், காய வேண்டும், மேலே மறுபடி வரைய வேண்டும். பதின்மூன்று இதழ்கள் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறீர்கள்.

210 வெளிவந்தது எந்த மாதம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான். 225-இல் சாக வேண்டியது அவளாக இருக்கக் கூடாது. இரட்டையனைக் கொல்லுங்கள். பாதியைக் கொன்றால்கூடப் போதும், யாருக்கும் நஷ்டமில்லை. நம் மகள் போன பிறகும் இந்த வேலையை நான் விடாமல் இருப்பது எதற்கு என்று நீங்கள் கேட்டதில்லை. மாதத்தில் சில நாள் அவள் முகத்தை வரைய ஒரு காரணம் இருக்கிறது. அந்த முன்பல் இடைவெளியைக் கடைசியாகத்தான் வரைவேன்.

இதைப் பறித்துவிடாதீர்கள்.

நான்

&nbsp;

மார்ச் 24

அன்புள்ளவளுக்கு,

கூட்டம் நேற்று நடந்தது. மூன்று பேர். இரட்டையன் பெயரை நான்தான் முன்மொழிந்தேன். விற்பனை மேலாளர், "பாதி ஆள் செத்தா பாதி விலையா சார் வெக்கிறது?" என்று கேட்டார். மின்மினியின் பெயரைத் தம்பி சொன்னான். "குழந்தை சார். எல்லாரும் அழுவாங்க." என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். இதுவும் ஏகமனதாகத்தான்.

வால் விஷயம் நீ சொன்னதுதான். மற்ற ஆறு பேரும் என் குரலில் பேசுகிறார்கள், அதில் சிரமமில்லை. அவள் குமிழில் "ஜாக்கிரதை" என்று எழுதினாலும் அவள் குரலில் கேட்கிறது. அதனால் பேனாவை வைத்துவிட்டு வெள்ளை மையை எடுத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

நம் தொழிலில் சாவு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். காலத்தைக் கட்டிப்போடுகிறவன் மூன்று முறை செத்து நான்கு முறை திரும்பி வந்தான். கணக்கு வாத்தியார் இன்றும் அந்த ஒரு தடவையைக் கேட்டு எழுதுகிறார். மின்மினியும் அடுத்த வருடம் ஒரு கண்ணாடிக்குள்ளிருந்தோ கடலுக்கு அடியிலிருந்தோ வந்துவிடுவாள் என்று தம்பி சத்தியம் செய்கிறான். அதை நான் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செத்தவர்கள் வருகிற காட்சியை இத்தனை வருடம் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், இனி கை வராது.

225-இன் கதைச் சுருக்கம் இத்துடன். கட்டடம் இடிகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு அவள் வெளிச்சம் காட்டி வழி அனுப்புகிறாள். கடைசி ஆள் வெளியே வந்ததும் வெளிச்சம் அணைகிறது. அவள் பேச வேண்டிய இடம் எதுவும் வைக்கவில்லை.

வேறு யாரையும் வரையச் சொல்ல எனக்கு மனமில்லை. வரைந்து அனுப்பு.

உன்

&nbsp;

ஏப்ரல் 6

எழுத்தாளருக்கு,

வரைந்துவிட்டேன். இருபத்தொரு பக்கம் நீங்கள் எழுதியபடியே இருக்கின்றன. கட்டடம் நன்றாக இடிந்திருக்கிறது. ஆறு பேரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். இரட்டையன் இரண்டாகப் பிரிந்து இரண்டு தலையையும் குனிந்திருக்கிறான். இது உங்களுக்குச் சிரிப்பு வரட்டும் என்று செய்தது.

இருபத்திரண்டாம் பக்கம் என்னுடையது. பக்கம் முழுக்க ஒரே கட்டம். அணைவதற்கு முன் அவள் இந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறாள். லேஸ் அவிழ்ந்திருக்கிறது. குமிழைப் பெரிதாகவே வரைந்திருக்கிறேன், வால் அவள் வாயில் முடிகிறது. அந்தக் கட்டத்தில் வேறு யாரும் இல்லை. கிளிக்கும் இடம் விடவில்லை. வாலை இந்த முறை யார் பக்கம் திருப்புவீர்கள்?

நம் மகளை மருத்துவமனையில் வைத்திருந்த கடைசிக் காலையில் நீங்கள் அச்சகத்தில் இருந்தீர்கள். இதழ் ஒன்றாம் தேதி வந்தாக வேண்டும், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அதற்காக நான் சண்டை போட்டதில்லை, இப்போதும் போடவில்லை. வந்த பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் பேசினாள். உங்களைப் பற்றித்தான், ஒரே ஒரு வாக்கியம். இத்தனை மாதமாக நான் மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது?

ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதிலைத் தபாலில் அனுப்பமாட்டேன். பெட்டியோடு நேரில் வந்து சொல்கிறேன். அதைக் குமிழில் போட வேண்டும் என்று இல்லை. குமிழில் நீங்கள் வேறு எதை எழுதினாலும் சரி, கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அக்கா, "பதில் வரும்டி, மனுஷன் கல்லா என்ன?" என்கிறாள்.

அவள் அம்மா

&nbsp;

மே 2

அன்புள்ள ஓவியருக்கு,

இரும்புத்தோளின் கொக்கி மீண்டும் இடது தோளுக்கே வருகிறது. ஏராளமான கண்டனக் கடிதங்கள். கணக்கு வாத்தியார் மட்டும் படம் போட்டு நான்கு தாள் எழுதியிருந்தார். நேற்றைய கூட்டத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. தம்பி, "மக்கள் தீர்ப்பு சார்" என்றான்.

குழாய்க்கு ஆள் வந்து பார்த்தார். வாஷர் இல்லையாம், குழாயே போய்விட்டதாம். சமையலறையைப் பூட்டிவிட்டு வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

பக்கங்கள் பத்திரமாகக் கிடைத்தன. இரட்டையனின் இரண்டு தலையைப் பார்த்துத் தம்பி சிரித்தான். இருபத்திரண்டாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதுல என்ன போடறது?" என்று கேட்டான். மறுநாளும் வந்து கேட்டான். அதற்கடுத்த நாள் அச்சகத்திலிருந்தே போன் வந்தது.

அட்டைப்படம் வரைகிறவரை வைத்துக் குமிழ் இருந்த இடத்தில் புகை மண்டலம் போட்டோம். சுத்தமாகச் செய்தார், ஒட்டு தெரியவில்லை. வாலை அழித்தபோது வாய் மட்டும் திறந்தபடி நின்றதால் அதையும் மூடி வரைய வேண்டியிருந்தது.

உனக்குரிய இரண்டு பிரதிகள் இத்துடன். இதழ் ஒன்றாம் தேதி வெளியானது.

இப்படிக்கு,
கதாசிரியன்