எல்லாச் சக்கரமும் பாடுகிறது

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1932 மார்ச்சு 9

அன்புள்ள உர்சுலாவுக்கு உன் ரபேல் எழுதிக்கொண்டது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன். அங்கே நீயும் குழந்தை கெர்ட்ரூடும் மாதாவின் அடைக்கலத்தில் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உன் தாயாரின் நாற்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்ததாக உன் அண்ணன் எழுதியிருந்தார். கடைசிக் காலத்தில் பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்ட உனக்குக் கொடுத்துவைத்தது. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்.

இந்தக் கடிதத்தை நீயே படி. எழுத்துக்கூட்டிப் படித்து இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. அண்ணனிடம் கொடுத்தால் அவர் ஊருக்கே கேட்கும்படி படிப்பார். இது ஊர் கேட்க வேண்டிய சமாசாரம் இல்லை.

என் காதில் சத்தம் கேட்கிறது. நீ கப்பலேறும்போதே லேசாகச் சொன்னேன், குளிக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும் என்றாய். தண்ணீர் இல்லை. முதலில் சில்வண்டு என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தில் வண்டு அடைந்து உயிரை வாங்குகிறதென்று இரண்டு நாள் கல்லெடுத்து எறிந்தேன். பக்கத்து வீட்டு இராமலிங்கம் எட்டிப் பார்த்து, என்னண்ணே, அது என்ன மாமரமா, யார அடிக்கிறீங்க என்று கேட்டார். வண்டு கத்துதே, உமக்குக் கேக்கலையா என்றேன். எந்த வண்டு என்றார். கையிலிருந்த கல்லைக் கீழே போட்டேன்.

அன்றைக்கு வலது காதில் மட்டும் இருந்தது, இப்போது இரண்டிலும் இருக்கிறது. சாப்பிடும்போதும், செபம் சொல்லும்போதும், ஒன்றுக்குப் போகும்போதும் விடுவதில்லை. பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி விட்டேன், காது வெந்ததுதான் மிச்சம். பெட்டாலிங் தெருவில் காது குடையும் சீனர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஆழாக்கு அழுக்கு எடுத்துக் காட்டினார், அழுக்குப் போய் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெசர் பீச்சாங்குழலில் வெந்நீர் அடித்தார். டாக்டர், நீ முன்னே என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். செந்தூல் ரயில் பட்டறையில் ஒன்பது வருஷம் கொதிகலனுக்குள் உட்கார்ந்து ஆணிக்கு முட்டுக் கொடுத்தேன், வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பார்கள் என்றேன். அந்தச் சம்மட்டிதான் உன் காதைக் கெடுத்தது, மருந்து கிடையாது, பழகிக்கொள் என்றார். பழகிக்கொள்ள இது என்ன மருமகளா, உர்சுலா?

குருடரின் கண்ணைத் தெளியவைத்த தேவதூதன் ரபேல் சம்மனசின் பெயரை எனக்கு வைத்தார்கள். காதுக்கு எந்தச் சம்மனசு என்று தெரியவில்லை. தெரிந்தால் அவருக்கும் ஒரு நவநாள் செபம் சொல்லிவிடுவேன்.

மழை பெய்தால் கொஞ்சம் தேவலை. தகரத்தில் அடிக்கிற மழை அதை மூடிவிடுகிறது. அதனால் மூன்று மணிக்கெல்லாம் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற விவசாயி ஆகிவிட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. நீ குறட்டை விடுவதில்லை என்று பதினோரு வருஷமாகச் சாதிக்கிறாய். விடுகிறாய். அது இருந்தவரை இந்தச் சத்தம் என்னை இவ்வளவு தின்னவில்லை.

இனி சொல்லப்போவதுதான் பெரிய விஷயம். என் வேலை உனக்குத் தெரியும். ரயில் வண்டி வந்து நின்றதும் நீளச் சுத்தியலோடு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல சக்கரம் மணிபோலப் பாடும். கீறல் விழுந்தது பொத்தென்று வாயடைத்துப்போகும். அந்த வித்தியாசத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் காதுச் சத்தமோ, நல்ல சக்கரத்தைத் தட்டியதும் எழும் ஓசையின் வால் மாதிரியே இருக்கிறது. எதைத் தட்டினாலும் இது ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு எல்லாச் சக்கரமும் பாடுகிறது.

யாரும் பார்க்காதபோது இடது கையைச் சக்கரத்தில் வைத்துத் தட்டிப் பார்க்கிறேன். அதிர்வு கையில் தெரிகிறது, தெரிகிறதென்று நினைத்துக்கொள்கிறேன். வெளியில் சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். இங்கே ஆள்குறைப்பு தலைவிரித்தாடுகிறது. போன மாதம் செந்தூலில் பேர் வாசித்தார்கள், வாசித்த பேரெல்லாம் கப்பலேறிப் போய்விட்டது. வேலை போனால் இந்த வீடும் போகும். ஆகையால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். நீ வேளாங்கண்ணிக்குப் போனால் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, கொஞ்சம் எண்ணெய் வாங்கி வா.

குழந்தைக்கு என் முத்தம். மாதா உங்களைக் காப்பாளாக.

உன் அன்புள்ள கணவன்,
ரபேல்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
1932 ஏப்ரல் 4

அன்புள்ள உர்சுலாவுக்கு ரபேல் எழுதுவது. நீயும் கெர்ட்ரூடும் சுகமா? இருபதாம் தேதிக் கப்பலுக்கு இடம் கிடைத்தது கேட்டுச் சந்தோஷம். சந்தோஷம் என்று எழுதுகிறேன், கை எழுதுகிறது. மனம் ஒரு நிலையில் இல்லை.

பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளானுக்குப் போகும் பயணிகள் வண்டியை நான் தட்டி அனுப்பினேன். எல்லாம் பாடியது. கிள்ளானில் நம்ம ஜெயராஜ்தான் இப்போது சக்கரம் தட்டுகிறான், கெர்ட்ரூடுக்கு ஞானத்தகப்பன் ஆனானே அவனேதான். மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் சக்கரம் செத்த சத்தம் கொடுத்திருக்கிறது. ஆட்களை இறக்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். அதில் பிள்ளைகுட்டிகளோடு நாற்பது பேர் இருந்தார்களாம்.

போர்மன் துரை என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துப் போனேன். அவரோ, ரபேல் பார்த்து அனுப்பினதென்றால் வழியில்தான் கீறியிருக்கும் என்று தாமே சொல்லித் தாமே எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்து நல்ல பேர் என்னைக் காப்பாற்றியது. அந்த நல்ல பேரைக் காறித் துப்பலாம் போல இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து ஜெயராஜ் என்னைத் தனியே கூட்டிப்போனான். அண்ணே, கீறலுக்குள்ள துரு இருந்துச்சு, யாரும் வர்றதுக்குள்ள எண்ணெய்த் துணியால துடைச்சுட்டேன் என்றான். துரு என்றால் பழைய கீறல் என்று அர்த்தம், உர்சுலா. நான் தட்டும்போதே இருந்தது. உங்களுக்கு என்னண்ணே ஆச்சு என்று கேட்டான். காது அடைச்சிருக்கு, சளி என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினான்.

மறுநாள் பாஸ்காப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சுவாமியாரிடம் சொன்னேன், சத்தம், சக்கரம், துரு, சளி என்று சொன்ன பொய், எல்லாம். அவர் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வெகுநேரம் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவாமியார் எப்போதும் காதோடு பேசுகிறவர், என் காதில்தான் வேறொன்று பேசிக்கொண்டிருக்கிறதே. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன், சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. உரக்கச் சொல்லுங்கள் என்று கேட்கலாமா? பின்னால் தெரிந்தவர்களாக இருபது பேர் வரிசையில் நின்றார்கள். சரி சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பாவத்துக்கு என்ன அபராதம் கொடுத்தாரென்று தெரியவில்லை. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் முழங்காலில் நின்று மூன்று தரம் சொன்னேன். ஆனால் அவர் அவ்வளவு நேரம் பேசியது மணி எண்ணச் சொல்லி இல்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. போய்ச் சொல்லிவிடு என்றாரா, குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்திரு என்றாரா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்? ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாள் அன்று பூசையில் நன்மை வாங்காமல் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பத்து நாளாக வேலைக்குப் போகிறேன், தட்டுகிறேன், எல்லாம் பாடுகிறது, வண்டி போகிறது. அது ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி அறைக்காரர்கள் பேசிக்கொள்ளும்வரை தண்ணீர்கூட இறங்குவதில்லை.

இப்போது நான் சொல்வதை அப்படியே கேள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, நோய் இல்லையென்று பார்க்க ஒதுக்கு முகாமில் வைத்திருக்கும் நாட்கள் முடிந்து வெளியே விட்டதும், ரயில் ஏறாதே. நம்மிடம் இலவச ரயில் பாஸ் இருக்கிறதே, காசு கொடுத்து எதற்குப் பஸ் என்று வாதாடாதே. கிள்ளானிலிருந்து பஸ் வருகிறது. குழந்தைக்கு வாந்தி வந்தாலும் வரட்டும், பஸ்ஸிலேயே வா. இதை அண்ணனிடம் சொல்லவேண்டாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறதாக வைத்துக்கொள்.

கடல் அமைதியாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

ரபேல்


சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ்
1932 ஏப்ரல் 29

அன்புள்ள உர்சுலாவுக்கு ரபேல் எழுதுவது. கப்பல் நேற்று வந்துவிட்டதென்று அறிந்தேன். முகாமில் உன் கையில் சேரும்படி ஜெயராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குழந்தைக்குக் கப்பல் ஒத்துக்கொண்டதா? முகாமில் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு.

நீ கப்பலேறுமுன் போட்ட கடிதம் உனக்கு முன்னால் வந்து சேர்ந்தது. ஐந்தே வரி. உங்கள் சொற்படி நானும் பிள்ளையும் பஸ்ஸில் வருகிறோம் என்று எழுதியிருந்தாய். கூட வருகிற மாரியாயி, ரவாங் பக்கம் தோட்டத்திலிருக்கும் புருஷனிடம் மூன்று பிள்ளைகளோடு போகிறாள், அவள் ரயிலில்தான் போவாள், அவளிடம் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தாய். வேறொன்றும் எழுதவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் என்று உன்னைக் கேலி செய்த என் வாயில் அடிக்கவேண்டும்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை போர்மன் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. வேலை பிடிக்காவிட்டால் நேராகச் சொல் என்றார். பிறகு கழித்துப்போட்ட சக்கரங்கள் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய், என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். ஒன்றைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார். எது கெட்டது என்று கேட்டார். இரண்டும் நல்லது துரை என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கிள்ளான் சக்கரத்தையும் நான்தான் விட்டேன் என்று சொன்னேன். ஜெயராஜ் துணியால் துடைத்ததை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நானே சுமந்துகொள்கிறேன்.

சுத்தியலை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். மே மாதக் கடைசியில் வீட்டுச் சாவியைக் கொடுக்கவேண்டும். மூன்று பேருக்கும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு தருவார்களாம். நீ இறங்கின கால் உலருமுன் உன்னைத் திரும்ப ஏற்றப்போகிறேன், உர்சுலா. அங்கே போய் நான் என்ன செய்வேன்? உன் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் விருந்தாளி, இரண்டாம் மாதம் வேலையில்லாத மாப்பிள்ளை, மூன்றாம் மாதம் செவிடன். கொதிகலனும் சக்கரமும் தவிர எனக்கு ஒரு தொழிலும் தெரியாது. இந்த நாற்பத்திரண்டு வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்?

உண்மையைச் சொல்லிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று ஒரு மூட எண்ணம் எனக்கு இருந்தது. நிற்கவில்லை. இதை எழுதும்போதும் கத்துகிறது. இனி இதுதான் என்று தெரிந்துபோயிற்று. சில நேரம் தண்டவாளத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாயிருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதனால் சீக்கிரம் வந்து சேர்.

பஸ் வேண்டாம். மாரியாயியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலிலேயே வா. மூன்றாம் வகுப்பில் நல்ல ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். குழந்தை தூங்கினால் தூங்கட்டும், நீயும் தூங்கு. இப்போது சக்கரம் தட்டுகிறவன் ஈப்போவிலிருந்து வந்த பழனியப்பன். அவனுக்கு நல்ல காது.

நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். தூரத்திலிருந்து கூப்பிடாதே, எனக்குக் கேட்காது, நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பேன், குழந்தை பயந்துவிடும். கிட்டே வந்து என் கையைப் பிடி. மாதா உங்களை என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாளாக.

உன்
ரபேல்