கெடிலக்கரைப் பூங்காவுக்குப் புல் விரித்தார்கள்

செப்டம்பர் 18
பூங்காப் பள்ளத்தில் நட்ட கோரை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. ஆற்றங்கரையை இருபது அடிக்கு வெட்டி மடை விட்டிருக்கிறோம். வெள்ளம் வந்தால் அந்த வழியாகப் பள்ளத்தில் பரவும். பின்னால் இருக்கும் தெருவுக்குள் ஏறாது. அந்தத் தெருவில்தான் சகாயசெல்வி அக்கா வீடு. மேற்பார்வை உத்தியோகத்தில் எனக்குப் பதினோரு வருஷம். மனசுக்குப் பிடித்துச் செய்தது இந்த ஒரு வேலைதான்.

செப்டம்பர் 29
திறப்பு விழாவாம். ஒப்பந்தக்காரர் ராஜ்கமல் பள்ளத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னா மேடம், காடு மாதிரி கெடக்கு? பெரிய மனுசன் வர்ற எடம்." கோரைதான் சார் திட்டமே என்றேன். சிரித்தார்.

அக்டோபர் 3
த்தூ! கோரை மொத்தத்தையும் பிடுங்கியாயிற்று. பள்ளத்தில் செம்மண் கொட்டி, பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்துவிட்டார்கள். மடையையும் அடைத்தாயிற்று — எதற்கு? விருந்தாளியின் கார் மேடை வரைக்கும் வரணுமாம்! "விழா முடிஞ்சதும் எடுத்துடலாம் மேடம்" என்றார் ராஜ்கமல். வேலை முடிந்தது என்ற சான்றிதழில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். எழுதவே கூசுகிறது.

அக்டோபர் 6
"வெள்ளத்துக்கு வழிவிடுவோம்" என்று பேனர். அதற்குக் கீழே, அடைத்த மடைமேல் கார். பொன்னாடை, கேசரி.

அக்டோபர் 15
மண் அப்படியே கிடக்கிறது. ராஜ்கமல் போன் எடுப்பதில்லை. ஆபீசில் கேட்டால், "புல்லு இப்பத்தான புடிக்குது, அத போயி நோண்டுவாங்களா?" அட கருமமே!

அக்டோபர் 21
மேற்கே கனமழை. ஆறு கலங்கி வருகிறது. அக்கா போனில், "ஒன் பேச்ச நம்பித்தான்டி பெலிசியா இந்த வருசம் சாமான மேல ஏத்தல" என்றாள். ஏத்திடுக்கா என்றேன். ஏன் என்று கேட்டாள். கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். "நீ சோத்ததான திங்கிற?" என்று போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 22
விடிந்ததும் தோட்டக்காரர் ராஜாமணி அண்ணனை மண்வெட்டி எடுக்கச் சொன்னேன். "ஆர்டர் இருக்கா மேடம்?" "இல்லண்ணே." நின்றார். அடைத்த மடையை நான் வெட்ட ஆரம்பித்ததும் வந்து சேர்ந்துகொண்டார். அப்புறம் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர். அக்காவும் வந்தாள், என்னோடு பேசவில்லை. நாலடிக்குமேல் முடியவில்லை. மிச்சத்தை ஆறே அறுத்துக்கொண்டது.

அக்டோபர் 24
பூங்கா முழுக்கத் தண்ணீர். தெருவில் வாசற்படியோடு நின்றுவிட்டது.

அக்டோபர் 27
மெமோ. புல்தரையை உத்தரவின்றிச் சேதப்படுத்தியதற்கு மூன்று நாளில் விளக்கம் வேண்டுமாம். மூன்று நாள் எதற்கு? நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: வெட்டியது நான்தான். வேலை முடிந்ததென்று பொய்க் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதற்கும் ஒரு மெமோ கொடுங்கள்.