பனிமலைச் செடிக்கு ஃபேன்

3-3-58 திங்கள்
விடிந்ததும் சிங்கப்பூர் வெக்கை. ஏழாம் மாதம், கால் வீக்கம்.

சீமைக்குத் திரும்பிய துரை போகிற போக்கில் இவர் கையில் ஒரு செடியைத் திணித்துவிட்டுப் போனார். பனிமலையில் கல்லிடுக்கில் முளைப்பதாம், அபூர்வமாம். பெயர் வாயில் நுழையவில்லை. சுண்டைக்காய் உயரம்கூட இல்லை, மேலே பூசணம் பிடித்த மாதிரி வெள்ளை ரோமம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு இது ஒரு கேடு. என் கறிவேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சரளைக்கல் கழுவிக் கொட்டி மேடை கட்டியிருக்கிறார்.

5-3-58 புதன்
வாங்க: பச்சரிசி, மஞ்சள், கண்ணாடி வளையல் (சிராங்கூன் ரோடு, சிவப்பு, பச்சை).

ஐஸ்காரனிடம் இரண்டு கட்டி வாங்கிச் செடியைச் சுற்றி அடுக்கினார். வாயில் போட ஒரு துண்டு கேட்டேன். அதற்கே போதாதாம். ஜன்னல் வழியாக வயர் இழுத்து, வீட்டிலிருந்த ஒரே ஃபேனும் அதற்கு. எனக்கு ஓலை விசிறி. கேட்டதற்கு, "நீ வெயில்ல பொறந்து வளந்தவ. அது அப்படியா?"

நாசமாய்ப் போக. செடியைத்தான்.

7-3-58 வெள்ளி
பூத்துவிட்டது சனியன். நீலம், மூக்குத்தி அளவு. எதிர்வீட்டு பாயைக் கூட்டிவந்து காட்டினார். பிள்ளை மாதிரி பார்க்கிறேன் என்று பெருமை வேறு. பாய் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

9-3-58 ஞாயிறு
வளைகாப்பு. நல்ல வெயில். ஜாலான் புசாரிலிருந்து அம்மாவும் சித்தியும். பெண்கள் கூட்டமென்று இவர் வெளியே போய்விட்டார்.

நாத்தனார் ஆரத்தி எடுத்தாள். தட்டு நிறைய மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர்.
"கால் படாத இடமா பாத்து ஊத்தணும். எங்க அண்ணி?"
இந்த வீட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. கையைக் காட்டினேன்.

சாயங்காலம் அம்மாவோடு புறப்பட்டாயிற்று. இனிப் பிரசவம் வரை அங்கேதான்.

16-3-58 ஞாயிறு
அம்மா வீடு. மழை. இவர் வந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு. அம்மா பரபரவென்று முறுக்கு, காப்பி.

"செடி பட்டுப்போச்சு. கல்லெல்லாம் செவப்பா கெடக்கு. யார் ஊத்தினா?"
"உங்க தங்கச்சி. எடம் காட்டினது நான்."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

வயிற்றுப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.