பொம்மைக்கு உயிர் வந்தது

புதன்கிழமை. மழை விடவில்லை.

இன்றைக்குக் குழுப்பயிற்சி. டாக்டருக்குப் படிக்கிற ஒருத்தன், நர்சிங் படிக்கிற சுமதி, பார்மசி பையன் ஒருவன், கட்டிலில் நோயாளியாக என் பொம்மை. கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதற்கு மூச்சும் நாடியும் கொடுப்பது என் வேலை. பென்சிலின் ஒத்துக்காது என்று அதன் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தேன்.

அந்த டாக்டர் துரை பட்டையைப் பார்க்கவே இல்லை. பென்சிலின் போடச் சொன்னான்.

"சார், பட்டையைப் பாருங்க" என்றாள் சுமதி. அவனும் மாணவன்தான், சார் என்ன சார்?

"போடும்மா, டைம் ஆவுது."

பார்மசி பையன் சுவரைப் பார்த்துக்கினு நின்றான். போட்டாள். விதிப்படி நாடியை நிறுத்தினேன்.

அந்நேரம் பார்த்துக் கல்லூரி முதல்வர் ஒரு விருந்தினரைக் கூட்டிவந்தார். விருந்தினர் தோளில் பட்டுச் சால்வை. முதல்வர் என் அறைக்குள் தலையை நீட்டி, "இன்னாப்பா, செத்துக் கெடக்குது? எழுப்பு" என்றார். எழுப்பினேன். எல்லாரும் கைதட்டினார்கள். 'அருமையான குழு' என்றார் சால்வைக்காரர். அவர் என்னத்தைக் கண்டார்!

பிறகு சுமதி வந்து, "நான் சொன்னது சரிதானே அண்ணா?" என்றாள்.

"சரிதான். ஒரு தடவையோட ஏன் நிறுத்தின? கத்தியிருக்கணும்" என்று எரிந்து விழுந்தேன்.

"எழுப்பச் சொன்னப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

'சரி சார்' என்றுதான் முதல்வரிடம் சொல்லியிருந்தேன்.

பயிற்சியின் வீடியோப் பதிவு என்னிடம் இருக்கிறது. நாளைக்கு வகுப்பில் போட்டுக் காட்டினால் முதல்வர் குட்டு உடையும், என் வேலை போகும். காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்தத் துரை நிஜ வார்டுக்குப் போகிறான், சுமதியோடு.