சண்முகத்தின் முன்பற்கள்

தை 9, வெள்ளி.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

கும்பகோணத்திலிருந்து என் மகள் கலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "கொஞ்சம் சிரிம்மா" என்றாள். கலா சிரித்தாள்.

"பல்லு தூக்கலா இருக்கே. தாடைவாகே அப்படிங்க. பரம்பரை. நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும்."

அந்த அம்மாளின் புருஷன் சண்முகம் வெற்றிலையை மென்றபடி தலையாட்டினான். என் பள்ளித் தோழன். அவனுக்கும் இதே எடுப்பான பல்தான். தன் கல்யாணத்துக்கு முன் மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டிக்கொண்டான். துணைக்குப் போனவன் நான். மகனுக்குச் சின்ன வயதிலேயே கம்பி போட்டுவிட்டான். கம்பி பல்லைத்தான் நிமிர்த்தும், ரத்தத்தை அல்ல.

கலா இன்னும் சாப்பிடவில்லை.

பழைய பள்ளிப் படத்தில் நாங்கள் இருவரும் பல் தெரியச் சிரிக்கிறோம். என் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். மீதியை நாளை அவன் மனைவிக்குத் தபாலில் அனுப்புவேன். பெயர் போடமாட்டேன்.