சம்மட்டி என்று எழுதிய இடம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். கால் விரல்களை அசைக்க முடிகிறது என்று நேற்று போனில் சொன்னீர்களே, அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கியது. அத்தையிடம் எலும்பு முறிவு என்று சொல்லவில்லை, சுளுக்கு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "சுளுக்குக்கு எந்த ஆஸ்பத்திரியில மூணு வாரம் படுக்க வெக்கிறாங்க?" என்று கேட்டார். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதுபோல உள்ளே நழுவிவிட்டேன். நீங்களே பேசும்போது சொல்லிவிடுங்கள். உங்கள் குரலில் கேட்டால் தாங்கிக்கொள்வார்.

வீட்டில் வேறு கவலை இல்லை. குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல மூன்று நாள் முயன்றேன். உங்கள் வார்டுக்கே ஒரே போன். பின்னால் வரிசையில் நிற்பவர் இருமுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நீங்கள் விழுந்த அன்று நடந்ததை எனக்கு முதலில் சொன்னவர் உங்கள் முகாம் சமையல்காரர்தான். அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று அன்றுதான் புரிந்தது. நீங்கள் பாதி மயக்கத்தில் இருந்ததால் இதில் சிலது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பனிமலையில் உங்கள் கம்பெனி ஆட்கள் ஒதுங்கப் போட்டிருக்கும் குடிசைகளில் மூன்றாவதற்கு மேலே, நிலம் அளக்கும்போது பனிக்கட்டியில் கால் வழுக்கி நீங்கள் விழுந்ததும், உங்களைத் தூக்கிக் குடிசைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே சுவரில் பாதுகாப்புக் கையேடு தொங்குகிறது. நாலாம் பக்கத்தில், நடக்க முடியாதவரைக் குடிசையில் உள்ள சறுக்குவண்டியில் படுக்கவைத்துக் கட்டி இழுத்துச் செல்லவும் என்று போட்டிருக்கிறது. குடிசை முழுவதும் தேடியிருக்கிறார்கள். மண்வெட்டி இருந்தது, கடப்பாரை இருந்தது, கயிறு இருந்தது. சறுக்குவண்டி இல்லை. அது இருக்க வேண்டிய மூலையில் புத்தம்புதிய சம்மட்டி ஒன்று சாத்தி வைத்திருந்ததாம்.

வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. வண்டி வரும் பாதைக்கு நாலு கிலோமீட்டர் இறங்க வேண்டும். தோளில் சுமந்தால் இன்னும் இரண்டு பேர் விழுவார்கள் என்று மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் ரேடியோ அந்தச் சம்மட்டியைத் தூக்கியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணி, நாலே அடி. கதவோட கீலு ரெண்டும் பேந்து வந்துருச்சு. தகரம் அடிச்ச கதவு பாருங்க, கவுத்துப் போட்டா வெண்ணெய் மாதிரி வழுக்குது. அண்ணனைக் கம்பளியில சுத்திக் கதவோட கட்டி, முன்னால ரெண்டு பேர், பின்னால ரெண்டு பேர். ராஜா ஊர்வலம்தான் போங்க."

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதையும் அவரே சொன்னார். கடைசியாகச் சிரித்துக்கொண்டே, "எந்தப் புண்ணியவான் அந்த லிஸ்ட்டை எழுதினானோ தெரியல அண்ணி, உயிர்போற நேரத்துல சம்மட்டியைக் கொடுத்திருக்கான்" என்றார்.

அந்தக் கையேட்டைத் தமிழில் எழுதியது நான்.

உங்களுக்கே நினைவிருக்கும். போன வருடம் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு உங்கள் கம்பெனியின் கையேடு வந்தபோது, நீங்கள் படிக்கப்போகிற புத்தகம் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ரேடியோ சொன்னதற்கு மறுநாள், எல்லாரும் வருவதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோப்பைப் பிரித்தேன். நாலாம் பக்கத்தில் ஆங்கிலக்காரன் 'ஸ்லெட்' என்று எழுதியிருந்தான். சறுக்குவண்டி என்று சரியாகப் போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், குடிசைக்குக் குடிசை வைக்கவேண்டிய சாமான் பட்டியலில், அதே ஆள் அதே பொருளை 'ஸ்லெட்ஜ்' என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் வரியில் மண்வெட்டி, கீழ் வரியில் கடப்பாரை. இரண்டுக்கும் நடுவில் அதைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. சம்மட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்; சம்மட்டி என்று எழுதிவிட்டேன்.

அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பெரிய வேர்ச்சொல் அகராதியை இறக்கிப் படித்தேன். படித்தால் குற்றம் குறையுமா என்ற ஆசைதான், வேறென்ன. ஸ்லெட் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே இல்லையாம். சில நூறு வருடங்களுக்கு முன்னால் டச்சுக்காரர்களும் அவர்கள் பக்கத்துக்காரர்களும் பேசிய பேச்சிலிருந்து வந்தது. வழுக்கு, சறுக்கு என்பதுதான் அதன் வேர். குழந்தைகள் பூங்காவில் சறுக்கி விளையாடும் 'ஸ்லைட்' அதற்கு உறவு. நம் சறுக்குவண்டி எவ்வளவு நேர்மையான சொல் பாருங்கள்! இத்தோடு விட்டார்களா? அந்தப் பக்கத்திலிருந்தே இன்னும் இரண்டு தடவை அதே பொருளை எடுத்துவந்து ஸ்லெட்ஜ், ஸ்லே என்று புழங்கவிட்டார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்.

சம்மட்டியான ஸ்லெட்ஜுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஆங்கிலத்தின் பழைய சொல்; ஓங்கி அடிப்பது, கொல்வது என்கிற வேரில் பிறந்தது. ஸ்லெட்ஜ் என்றாலே சம்மட்டிதான். அது போதாதென்று பின்னால் ஒரு 'ஹேமர்' வேறு சேர்த்துக்கொள்கிறார்கள், நாம் கேட்டுக்கதவு என்று சொல்வதுபோல. எங்கெங்கோ பிறந்த இரண்டு சொற்கள், தேய்ந்து தேய்ந்து ஒரே எழுத்தில் வந்து நின்றுவிட்டன. ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் நமக்கு இல்லையா? ஆனால் ஆற்றில் குளித்தேன் என்பதை எண்ணில் குளித்தேன் என்று யாராவது எழுதுவார்களா? பனிமலைக் குடிசையில் சம்மட்டிக்கு என்ன வேலை என்று ஒரு நிமிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ரேடியோ அடுத்த நாள் கூப்பிட்டபோதுதான் இன்னொன்று சொன்னார். தவறான சாமானை வாங்கினார் என்று உங்கள் ஸ்டோர்கீப்பரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்களாம். எங்கள் மேனேஜரிடம் போய் நின்றேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரு இல்ல? யாரும் நம்மளைக் கேக்கவும் இல்ல. நீயா ஏம்மா தலையைக் கொடுக்கிறே?" என்றார். கெட்டவர் இல்லை, என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, மறைப்பானேன். பிறகு என் இருக்கைக்குப் போய், இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு உங்கள் கம்பெனிக்கு அனுப்பினேன்.

நாலு நாள் பதில் இல்லை. அந்த நாலு நாளும் மேனேஜர் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே என் மேஜைக்கு வந்து, கம்பெனியின் பதிலை வைத்துவிட்டு நின்றார். ஸ்டோர்கீப்பரைத் திரும்ப வேலைக்கு எடுத்தாயிற்று. பன்னிரண்டு குடிசைகளுக்கும் சறுக்குவண்டி போய்விட்டது. கையேடு முழுவதையும் நானே மறுபடி சரிபார்த்துத் தர வேண்டும், இந்தத் தடவை கூடவே இன்னொருவரும் படிக்க வேண்டும். அவ்வளவுதான். மேனேஜர், "அந்த இன்னொரு ஆள் நான்தான்" என்றார். நான் அங்கேயே, எல்லாரும் பார்க்க, அழுதுவிட்டேன்.

அன்று மாலை ஸ்டோர்கீப்பர் கூப்பிட்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டே எடுத்து, தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். "எனக்கும் அப்பவே தோணுச்சு மேடம், பனியில சம்மட்டி எதுக்குன்னு. லிஸ்ட்ல இருக்கே, படிச்சவங்க எழுதினது தப்பா இருக்குமான்னு வாங்கிட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் போனை வைக்கும்போது, "இனிமே சந்தேகம் வந்தா நேரா உங்களையே கேக்கறேன்" என்றார். தாராளமாகக் கேளுங்கள் என்று சொன்னேன். அன்று இரவுதான் பல நாளுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

மார்பின் மேல் இருந்த பாறை இறங்கிவிட்டது. ஒரு கூழாங்கல் மட்டும் மிச்சம். கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன், மேனேஜருக்குச் சொல்லிவிட்டேன், முன்பின் பார்த்திராத ஸ்டோர்கீப்பருக்கும் சொல்லிவிட்டேன். முதலில் சொல்லியிருக்க வேண்டிய உங்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

காலுக்குப் பாரம் கொடுக்காதீர்கள். நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள். இதைப் படித்ததும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொண்டு எழுதுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள், நாலு பக்கம் திட்டி எழுதினாலும் ஒரு வரி விடாமல் படிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் காலடிச் சத்தம் வாசலில் கேட்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி