உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள்

அண்ணா,

பல்வலி என்று ஹட்டனில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே மஞ்சளும் நீலமுமாகக் கடல் மீன்கள். தொட்டிக்குக் கீழே அலைப் படம் போட்ட ஒரு உப்பு வாளி. பக்கத்தில் இருந்த சிறுமி தன் தாயிடம், "அம்மா, இந்தத் தண்ணிக்கு உப்பு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். "கடல்லேருந்துதான், வேற எங்கேருந்து?" என்றாள் தாய். பேச்சு அத்தோடு முடிந்தது. அந்தக் கேள்விக்காக யாரும் யாரையும் அடிக்கவில்லை. நான் டாக்டரைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

உன்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

தொண்ணூறுகளில் நுவரெலியா ஹோட்டலில் முன்மண்டபத்து மீன் தொட்டி உன் பொறுப்பில் இருந்தது. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்து, கடலைப் பள்ளிச் சுற்றுலாவில் மட்டும் பார்த்த நீ, அந்தக் குளிரில் கடல் மீன்களை உயிரோடு வைத்திருந்தாய். உப்பு வாங்கக் கொழும்புக்கு அனுப்புவார்கள். மீன் கடைக்காரரிடம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் ஒப்பிப்பாய்.

"அது நேரா கடல்லேருந்து வர்றதில்ல தங்கச்சி. கடல் தண்ணிய வத்த வச்சா அதுல ஒரு பங்கு சுண்ணாம்பு மாதிரி இறுகிரும், திரும்பச் சரியா கரையாது. அதனால ஒவ்வொரு உப்பையும் தனித்தனியா எடுத்துக் கலக்குறாங்க. எந்தக் காலத்துலயோ வத்திப்போன கடலு பூமிக்கு அடியில பாறையா கெடக்குதாம், அதத் தோண்டுறாங்க. மெக்னீசியம் உப்பு ஏரியிலேருந்து வருது. கால்சியம் பேக்டரியில. பொட்டாசியமும் சுரங்கத்துலதான். கடைசியில நம்ம அப்பச்சோடாவும் போடுறாங்க!"

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா, "அப்ப அது பொய்க் கடலுன்னு மீனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நீ மாட்டிக்கொண்ட அந்த முறை கடைக்காரர் பெரிய மூட்டையிலிருந்து நிறுத்து எடுத்து, வெறும் பொலித்தீன் பைகளில் கட்டிக் கொடுத்திருந்தார். போர்க்காலம். வழியில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், மடியில் பெயரில்லாத வெள்ளைத் தூள். இது எங்கிருந்து வருகிறது என்று சிங்களத்தில் கேட்டார்கள். கடலிலிருந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீயோ தெரிந்ததையெல்லாம் சொன்னாய். சுரங்கம், பேக்டரி, பொட்டாசியம், கலவை. கலவை என்றதும் வெடிமருந்து என்றே எண்ணி அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாராம்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. ஹோட்டலுக்குப் போன் போட்டார்கள். நீ பக்கத்திலேயே நின்றாய். மேனேஜர், "நாங்கள் யாரையும் அனுப்பவில்லை" என்றார். உன்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

அதே பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. அம்மாவும் நானும் ஹோட்டலுக்கு ஓடினோம். மேனேஜர் டவுன் கடைவீதியில் பேர் பெற்ற தமிழ்க் குடும்பத்து ஆள்.

"சார், அண்ணன நீங்கதானே அனுப்புனீங்க? ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க."

"சீசன் நேரம்மா. ஹோட்டல் பேரு பொலிஸ்ல அடிபட்டா யாரு வந்து தங்குவா? கொஞ்சம் பொறுங்க, அவங்களே விட்டுருவாங்க."

அம்மா அவர் காலில் விழப் போனாள். நான் அவளை இழுத்துப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். வரும்போது உன் மீன்கள் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தன.

கடைசியில் நான் கொழும்புக்குப் போய் அந்த மீன் கடையைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் வயதான சிங்களவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அழுதுகொண்டே சொன்னேன். "என் கடை உப்புதானே, நானே வந்து சொல்கிறேன்" என்று கடையைப் பூட்டிவிட்டு என்னோடு ரயில் ஏறினார். பொலிஸ் நிலையத்தில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, உன்னிடம் பறித்து வைத்திருந்த உப்பைக் கரைத்து, விரலால் தொட்டு நக்கிக் காட்டினார். "நீங்களும் பாருங்கள், சார்." அதிகாரியும் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சிரித்தார். "மீன் உப்பு!" என்றார். நிலையமே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடது காதில் இரத்தம் காய்ந்து கிடந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு உனக்குக் கேட்கவே இல்லை. ஒருவராவது மன்னிப்புக் கேட்டார்களா? போகலாம் என்றார்கள், அவ்வளவுதான்.

உன்மேல் உள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ எழுந்து நடக்கத் தொடங்கியதும் ஹோட்டல் ஜீப் லயத்துக்கு வந்தது. தொட்டித் தண்ணீர் கெட்டுவிட்டதாம், மீன்கள் சாகின்றனவாம். நீ சட்டையை மாட்டினாய்.

"போகாதண்ணே. ஒன்னத் தெரியாதுன்னு சொன்ன ஆளு அவரு."

"மீனு சொல்லலையே தங்கச்சி."

எவ்வளவு நல்ல மனசு என்று லயமே சொன்னது. நான் கையிலிருந்த சோற்றுத் தட்டை வீசினேன். அவர்கள் உன்னைக் கைவிட்டதைவிட, நீ மறுபடி அந்தப் படியேறிப் போனதுதான் என்னை எரித்தது. தொட்டியை அவர்கள் எடுத்துவிடும் வரை பல வருடங்கள் அங்கேயே வேலை செய்தாய்.

போன வருடம் நெஞ்சு வலியில் நீ போய்விட்டாய். மேனேஜர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். "தங்கமான பையன். ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல" என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார்.

நான் எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். "அன்னைக்கு போன்ல என்ன சொன்னீங்க சார்? அதையும் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

தப்பு மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "இந்த நேரத்துல போயி அத..." என்று இழுத்தார்.

"இந்த நேரத்துலதான் சார்."

மலர்வளையத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். எல்லோரும் பார்த்திருக்க அதைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு ஏறிப் போனார். சாவு வீட்டில் இப்படியா என்று சொந்தக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருசமா நான் கேக்க நெனச்சது" என்றாள்.

உன் பொறுமையை நீயே கொண்டுபோய்விட்டாய். அது எனக்கு வரவில்லை, வேண்டவும் வேண்டாம். நீ படாமல் விட்ட கோபம் முழுவதும் என்னிடம் இருக்கிறது. என் பிள்ளைகளிடமும் உன்னைப் பற்றிச் சொல்லும்போது, அண்ணன் நல்லவன் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. உனக்கு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்கிறேன்.